புரட்டாசியில் வீடு புகக் கூடாது

உக்காரு பிள்ள. அந்த நாற்காலி சும்மாதான் கிடக்கு. என் தம்பி உக்காந்திருந்தான், என்னமோ நகல் எடுக்கணும்னு கீழ போயிருக்கான். வந்தா நின்னுக்கிடுவான். இளந்தாரிதானே, நிக்கட்டும்.

நீ தமிழ்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கியா? கழுத்துல மஞ்சக் கயிறு இன்னும் நிறம் மாறல. கல்யாணமாகி எத்தனை மாசம் ஆச்சு? மூணா? இன்னும் தாலி பிரிச்சுக் கோக்கலையா? நல்லா இருக்கு போ. மூணாம் மாசத்தை விட்டா அஞ்சாம் மாசம்தான். நாளைக் கழிச்சு மார்கழி பிறக்குது. மார்கழியில யாராவது தாலியில கை வைப்பாங்களா? உன் வீட்டுல சொல்லித் தரப் பெரியவங்க யாரும் இல்லியா? மாமியார் ஊர்லயா? நாத்தனார்? அதுவும் கிடையாதா. அதான். பெரியாள் இல்லாத வீடு இப்படித்தான் இருக்கும். கோவிச்சுக்கிடாத. என் மக மாதிரி இருக்கே, அதனால சொல்லுதேன்.

உன் நம்பர் எத்தனை? எங்களுக்கு ஐநூத்திப் பன்னெண்டு. பலகையில இப்பம் நானூத்தி எழுபதுதான் ஓடுது. ஒம்பதே காலுக்கு வந்து உக்காந்தோம். நேரம் குறிச்சது நான்தான். திங்கக்கிழமை ஏழரையில இருந்து ஒம்பது ராகு காலம், அது கழியட்டும். பத்தரைக்கு எமகண்டம் வந்துரும், அதுக்குள்ள முடிச்சிருவோம்னேன். இவனுக எங்க முடிக்கானுவ? எமகண்டத்துலதான் கூப்பிடுவான் போல.

நீ புது விசாவுக்கா? நான் நீட்டிக்க வந்திருக்கேன். ஒரு வருசம் முடியுது, இன்னும் ஒரு வருசம் போடணும்லா.

இந்த அரபு நாட்டுச் சட்டம் இருக்கே, அதைப் படிச்சவனுக்கும் புரியாது, எழுதினவனுக்கும் புரியாது. முதல் ஜன்னல்ல போட்டோவுக்குப் பின்னாடி வெள்ளை வேணும்பான். அடுத்த ஜன்னல்ல நீலம் வேணும்பான். போன மாசம் இருந்த சட்டம் இந்த மாசம் இருக்காது. என் தம்பி இங்க வந்து பத்து வருசம் ஆச்சு, அவனே ஒவ்வொரு தடவையும் முழிச்சுக்கிட்டுத்தான் நிக்கான். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்கள்ல, அது இங்கதான்.

அந்தச் சட்டத்துல மாட்டித்தான் என் தம்பி பொண்டாட்டி ஊர்லயே கிடக்கா. ஒரு வருசமும் ரெண்டு மாசமும் ஆச்சு. அவ சொந்தக்காரங்க பூராவும் என் மேல பழி போடுதாவ. நான்தான் குடியைக் கெடுத்தேனாம். நம்பர் வர நேரம் இருக்கு. நீயே கேட்டுட்டு நீயே சொல்லு, என் மேல என்ன தப்பு இருக்குன்னு.

தம்பி பேரு சங்கரநாராயணன். எங்களுக்கு சங்கரன்கோவில் பக்கம். எங்க அம்மை சாகும்போது அவனுக்கு ஒம்பது வயசு. எனக்கு அப்பம்தான் கல்யாணமாகி ரெண்டு வருசம். அடுத்த வருசமே என் வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. குஞ்சு குளுவான் கிடையாது. பிறந்த வீட்டுக்கே வந்துட்டேன். அன்னையில இருந்து அவனுக்கு நான்தான் எல்லாம். அக்கான்னு கூப்பிட்டாலும் அம்மைதான். பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும் அவன் தலையில எண்ணெய் வச்சு விட்டது இந்தக் கைதான். எந்தச் சட்டை போடணும்னு நான் சொன்னாத்தான் போடுவான். இப்பவும் அப்படித்தான்.

பொண்ணும் நான்தான் பாத்தேன். பத்துப் பொண்ணைத் தள்ளிட்டு பதினோராவதா இவளைப் பிடிச்சேன். பேரு சுகந்தி. எதுக்கு இவளைன்னா, வாய் கிடையாது. அவ அப்பா பெருமாள்சாமி, சொசைட்டியில கணக்கு எழுதினவர். எதிர்த்தாப்புல ஆள் வந்தா தும்மக்கூட யோசிக்கிற மனுசன். நல்ல இடம்னு முடிச்சேன். நான் சொன்னா சரின்னு தலையை ஆட்டும், இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்.

கல்யாணம் முடிஞ்சு அவ இங்க வந்த பொறவுதான் தெரிஞ்சுது, அழுத்தக்காரின்னு. பேச மாட்டா, ஆனா நினைச்சதைச் செய்வா. ஒரு நர்சரி ஸ்கூல்ல வேலைக்குச் சேந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உண்டானதும் போன்ல சொல்லுதா, "மைனி, இங்கயே பெத்துக்கிடுதேன். கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கு, இவியளும் கூட இருப்பாவ"ங்கா.

தலைப்பிரசவத்தை எவளாவது புருசன் ஊர்ல வச்சுப் பாப்பாளா? தாய் வீடு எதுக்கு இருக்கு? நான் சண்டை எல்லாம் போடல. ரெண்டு நாள் போனை எடுக்கல, அவ்வளவுதான். மூணாவது நாள் சங்கரே கூப்பிட்டு, "டிக்கெட் போட்டுட்டேன்க்கா"ன்னான்.

சித்திரை நாலாம் தேதி அவ ஊருக்கு வந்தா. ஏழு மாச வயிறு. வளைகாப்பு முடிச்ச அடுத்த வாரம் நான் இங்க வந்துட்டேன். பின்ன? அவனுக்கு யாரு பொங்கிப் போடுவா? சுத்திப் பாக்க வர்ற விசாதான் முதல்ல எடுத்தான். மூணு மாசம், அப்புறம் அதையே இன்னும் மூணு மாசம்.

நான் ஊர்ல இருந்து கிளம்பும்போதே சங்கரு போன்ல சொன்னான், "ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா சுகந்தி விசா செத்துரும்க்கா. அதுக்குள்ள அவ வந்துரணும்"னு. நான் சும்மா விடுவேனா? ஊர்ல இருந்து கொண்டாந்த தினசரிக் காலண்டரை அடுக்களையில மாட்டி, விரல் விட்டு எண்ணினேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. சித்திரை நாலுல ஆரம்பிச்சா ஐப்பசி மூணு வரைக்கும் ஆயுசு இருக்கு. அந்தத் தாள்ல வட்டம் போட்டு வச்சேன். வேற எவளாவது நாத்தனார் இவ்வளவு பொறுப்பா இருப்பாளா?

நீ சிரிக்காத. மாசம்னா நமக்குத் தமிழ் மாசம்தானே? இங்கிலீஷ் மாசம் பாத்தா வளைகாப்பு பண்ணுதோம்? இங்கிலீஷ் தேதியிலயா திதி குடுக்கோம்?

ஆனியில பிள்ளை பிறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. சரி, முதல்ல லட்சுமி வரட்டும்னு நான்தான் எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன். ஆனா பாரு, எங்கிட்டக் கேக்காம என்னமோ வாய்ல நுழையாத பேரை முனிசிபாலிட்டியில எழுதிட்டாங்க. எங்க அம்மை பேரு பேச்சியம்மாள். பேத்திக்கு அந்தப் பேரு இல்லாம எப்படி? சங்கரு, "அது வீட்டுல கூப்பிடுற பேரா இருக்கட்டும்க்கா"ன்னான். அம்மை முகத்தை நினைச்சுப் பாருடான்னு நான் அழுதேன். மாத்தி எழுதினாங்க. அந்தச் சர்டிபிகேட்டு வர ஒரு மாசம், பொறவு அதை வச்சுப் பிள்ளைக்கு பாஸ்போர்ட்டு எடுக்க ஒரு மாசம். ஆவணி ஓடிப்போச்சு. பேரு மட்டும் நின்னுச்சு.

புரட்டாசி பத்தாம் தேதி வாக்குல பாஸ்போர்ட்டு கைக்கு வந்துச்சு. பிள்ளை விசாவும் வந்துச்சு. உடனே சுகந்தி குதிக்கா. "மைனி, அடுத்த வாரமே வந்துருதேன்"ங்கா. வாயில்லாப் பூச்சிக்கு வந்த அவசரத்தைப் பாரு. புரட்டாசியில வீடு புகலாமா? அதுவும் பிள்ளைக்கு நாலாம் மாசம், ரெட்டைப்படை. பச்சப் பிள்ளை முதமுதலா அப்பன் வீட்டு வாசல்படி மிதிக்கிறது, அதை இப்படியா செய்வாங்க? நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்லுவா?

"ஐப்பசி ரெண்டு, நல்ல நாள். அன்னைக்கு வா"ன்னேன்.

"மைனி, ஆறு மாசம் தாண்டிராதா?"ன்னு கேட்டா.

"மூணு வரைக்கும் இருக்கு. நான் எண்ணித்தான் சொல்லுதேன். ஒரு நாள் முந்திதான் வரச் சொல்லுதேன்"னேன்.

"இல்ல மைனி, உங்க தம்பிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு இழுத்தா.

அதுதான் எனக்குப் பொறுக்கல. நான் சொன்னா போதாதாம், இன்னொருத்தர்கிட்டக் கேக்கணுமாம். உடனே அவ அப்பாவுக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, புரட்டாசியில பிள்ளையை அனுப்புனா, எங்க குலத்துக்கு வர்ற கேட்டுக்கு நீங்கதான் பொறுப்பு"ன்னேன். "ஐயையோ, நீங்க சொல்ற நாள்லயே அனுப்புதேம்மா"ன்னாரு. சங்கருகிட்டயும் சொன்னேன், ஐப்பசி ரெண்டுக்கு அவளே ஒத்துக்கிட்டான்னு. அவனுக்கு அப்பம் சைட்ல ராப்பகல் வேலை. வீட்டுக்கு வந்தா சோத்துல கை வச்சபடியே தூங்குவான். அக்கா எண்ணியிருப்பான்னு விட்டுட்டான்.

இதுல இன்னொரு சங்கதி. சொல்லாம விட்டா நான் ஒளிச்ச மாதிரி ஆயிரும்.

வெளிய வரிசையா டைப்பிங் சென்டர் இருக்குல்லா, மனு அடிச்சுக் குடுக்கிற கடை? அதுல ஒருத்தர், ஹமீது பாய்னு பேரு, நம்ம கடையநல்லூர்க்காரர். சங்கருக்கு எல்லாக் காகிதமும் அவருதான் அடிப்பாரு. புரட்டாசி இருபது இருக்கும், வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டாரு. "தம்பி போன் எடுக்க மாட்டேங்கான். நீங்க சொல்லிருங்கக்கா. சிஸ்டத்துல பாத்தேன். ஆறு மாசம்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுதோம், உள்ள கணக்கு நூத்தி எண்பது நாள். அக்டோபர் பதினாலுக்குள்ள அந்தப் பிள்ளை இறங்கிரணும்"னாரு.

சரின்னேன். நூத்தி எண்பது நாள்னா என்ன? முப்பது ஆறா நூத்தி எண்பது. ஆறு மாசம். அதைத்தானே நானும் எண்ணி வச்சிருக்கேன். தெரிஞ்ச சங்கதியை எதுக்குத் திருப்பிச் சொல்லணும்னு விட்டுட்டேன். அன்னைக்குப் பயறு வேற அடுப்புல கிடந்துச்சு, அடிப் பிடிச்சிரும்.

பதினாலுன்னு தேதி சொன்னாருதான். சொல்லலைங்கல. அக்டோபர் பதினாலு எந்தத் தமிழ் தேதியில வருதுன்னு நான் பாத்தேனா? பாத்தேன். புரட்டாசி இருபத்தெட்டு. புரட்டாசியில எப்படி வரச் சொல்ல முடியும்? நீயே சொல்லு. முடியாததைச் சொல்லி என்ன பிரயோசனம்?

ஐப்பசி ரெண்டு வந்துச்சு. நான் விடியக்காலமே தலைக்கு ஊத்தி, வாசல்ல கோலம் போட்டு, ஆலாத்தி கரைச்சு வச்சேன். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்தா ஆலாத்தி கரைப்பேனா? சங்கரு ரெண்டு நாளா ஆளே மாறிட்டான். சின்னப் பிள்ளைகளை உக்கார வைக்கிற சீட்டு ஒண்ணை வாங்கி, கார்ல மாட்டி, அதைப் பிடிச்சு ஆட்டி ஆட்டிப் பாக்கான். தொட்டில் ஒண்ணு வாங்கி, அவனே ஆணி அடிச்சு முடுக்கி, படுக்கைப் பக்கத்துல போட்டிருந்தான். மரத் தொட்டில், நாலு பக்கமும் கம்பி வச்சது.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்புத நேரம் போன் வருது. அங்க கவுண்டர்லயே நிப்பாட்டிட்டாங்களாம். கம்ப்யூட்டர்ல போட்டா விசா இல்லன்னு வருதாம். நூத்தி எண்பத்தஞ்சு நாள் ஆயிருச்சாம். பிள்ளைக்கு விசா இருக்கு, அது போலாம். தாய்க்கு இல்ல. நாலு மாசக் கைப்பிள்ளை தனியாப் போகுமாக்கும்! இதைச் சட்டம்னு எழுதி வச்சிருக்கான் பாரு.

சங்கரு போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டான். நான் பக்கத்துல நின்னு கேட்டேன். சுகந்தி கவுண்டர்க்காரன்கிட்ட அழுதா. வாயில்லாதவ, அன்னைக்குத்தான் சத்தமே கேட்டேன். "அஞ்சு நாள்தானே சார்... அஞ்சு நாளுக்குக் கூடவா சார் கணக்குப் பாப்பீங்க?" திருப்பித் திருப்பி அதையே சொல்லுதா. பிள்ளை வேற வீல்னு கத்துது. எனக்கே சிரிப்பு வந்துருச்சு, என்ன இது, காய்கறிக்காரன்கிட்டப் பேரம் பேசுத மாதிரி அரசாங்கத்துக்கிட்டப் பேசுதாளேன்னு. சட்டம்னா சட்டம்தானே? அஞ்சு நாள்னாலும் தாண்டினது தாண்டினதுதானே?

சங்கரு சுவர்ல சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டான். ஆலாத்தியை வீணாக் கொட்ட எனக்கு மனசு வரல. அவனுக்கே சுத்தி வாசல்ல ஊத்தினேன். கண்ணுதான் பட்டிருக்கு, போயிரும்னேன்.

திரும்ப எடுக்கலாம்தான். ஆனா எல்லாம் ஆதியில இருந்து செய்யணும். கல்யாணச் சர்டிபிகேட்டுல ஊர் ஊராப் போய் முத்திரை குத்தணும், நாலு மாசம் ஆகும்னாங்க. நேர்ல போய்ட்டு வரவும் வழியில்ல, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் அவனுக்கு லீவு. அதுக்குள்ள கம்பெனி ஒரு குண்டு போட்டுச்சு. குடும்பம் கூட இல்லாதவனுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது, காலி பண்ணிட்டு ஆம்பளைக இருக்கிற கேம்புக்குப் போன்னு. அப்பம் நான்தான் வழி சொன்னேன். "அவ இடத்துல என்னைப் போடுடா. அக்காவும் குடும்பம்தானே?"ன்னேன். போட்டான். வேற வழி?

நாலு மாசம் கழிச்சு சுகந்தி காகிதம் எல்லாம் வந்துச்சு. ஆனா அதுல ஒரு சிக்கல். இவன் வாங்குத சம்பளத்துக்குப் பெரியாள்ல ஒருத்தரைத்தான் கூட வச்சுக்கிடலாமாம். பிள்ளைகளை எத்தனை வேணும்னாலும் வச்சுக்கிடலாம். பெரியாள் ஒண்ணே ஒண்ணு. "அக்கா, நீங்க கொஞ்ச நாள் ஊருக்குப் போனீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சான். நான் எங்க போவேன்? ஊர்ல வீட்டை மூணு வருசத்துக்கு ஒத்திக்கு விட்டுட்டு வந்திருக்கேன். அதைச் சொன்னேன். எனக்கு நெஞ்சு வலிக்கதையும் சொன்னேன். பொறவு அவன் அந்தப் பேச்சை எடுக்கல.

நான் என்ன சும்மாவா இருக்கேன்? வீட்டை எப்படி வச்சிருக்கேன் தெரியுமா? சுகந்தி பால்கனியில ஒரு வாளியில கருவேப்பிலை வச்சிருந்தா, அது நிழலைப் பிடிச்சு ஈரம் கோத்துச்சு, பிடுங்கிப் போட்டுட்டேன். அவ நைட்டி நாலு, மடிச்சே இருந்தா பூச்சி அரிக்கும்லா, நான்தான் உடுத்துதேன். அந்தத் தொட்டில் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அதுல போட்டேன். நாலு பக்கமும் கம்பியா, நல்லாக் காத்து போகுது, ஒண்ணு கூட அழுகல. முத நாள் அதைப் பாத்துட்டு சங்கரு ஒரு மாதிரி நின்னான். "பிள்ளை வரும்போது கழுவிக்கிடலாம்டா"ன்னேன்.

பிள்ளைக்குப் போன ஆவணியில மொட்டை போட்டுக் காது குத்தினாங்க. அப்பன் இல்லாமத்தான். போன்ல காட்டினாங்க. ஊசி ஏறுதப்ப பிள்ளை வீறிடுது, இவன் இங்க ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான். இவனுக்குக் குத்துன மாதிரி. நான் ரெண்டு தட்டுத் தட்டி, போய் முகத்தைக் கழுவுடான்னேன். சுகந்தி ஒரு வார்த்தை என்கிட்டப் பேசல. அவ வேலையும் போச்சாம், ஆளும் பாதியா இளைச்சிட்டா. எல்லாம் பிடிவாதம். ஒரு தடவை மட்டும் கேட்டா. "மைனி, அந்த டைப்பிங் சென்டர்ல இருந்து யாரும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"ன்னு. இல்லன்னேன். பின்ன, அவரு எனக்குத் தெரியாததையா சொன்னாரு?

கொஞ்ச நாள் முந்தி சங்கரு அந்த ஹமீது பாயைப் பாக்கப் போனான், என் நீட்டிப்புக் காகிதத்துக்கு. திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டாம நின்னு என் முகத்தையே பாத்தான். என்னடான்னேன். "ஒண்ணுமில்லக்கா, தலைவலி"ன்னான். அன்னைக்கு வச்ச சோறு அப்படியே இருந்துச்சு. எனக்குக் கூட, அந்தப் பாய் கட்டணம் ஏதும் கூடக் கேட்டிருப்பாரோன்னு தோணுச்சு.

ஆனா அதுக்கு மறுநாள்ல இருந்து பிள்ளை மாறிட்டான்மா. முன்னாடி மாதிரி என்கிட்ட எல்லாம் கேக்க ஆரம்பிச்சிட்டான். "அக்கா, உங்க விசா வேலைக்கு நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க, நீங்க சொல்ற நாள்லதான் போகணும்"னான். எனக்கு வயிறு குளுந்து போச்சு. மார்கழி பிறக்க முந்தி முடிச்சிரணும்டான்னு பஞ்சாங்கத்தை எடுத்து, அட்டமி நவமி தள்ளி, கார்த்திகை இருபத்தெட்டு, இன்னைக்கு நாளைக் குறிச்சுக் குடுத்தேன். பெரிய பெட்டி ஒண்ணு வாங்கியாந்தான். பேரீச்சம்பழம், பால் பவுடர், கோடாலித் தைலம் எல்லாம் அடுக்குதான். யாரோ கூட்டாளி ஊருக்குப் போறானாம், குடுத்து விடணுமாம். "அதுல எதுக்குடா என் சேலையை எல்லாம் வைக்கே?"ன்னு கேட்டேன். "தைல பாட்டில் உடையாம இருக்கக்கா"ன்னான். நேத்து தொட்டில்ல கிடந்த வெங்காயத்தை எல்லாம் கொட்டிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல வச்சிருக்கான். பூச்சி வருதாம். எவ்வளவு சுத்தம் பாரு, என் வளப்பு அப்படி.

அந்தா, ஐநூத்தி ஆறு வந்துருச்சு. மணி என்ன? பத்து அம்பதா? சொன்னேன்லா, எமகண்டம்.

ஏம்மா, நீ இங்கிலீஷ் படிப்பேல்லா? இந்தா, இந்தக் காகிதத்தைப் பாரு. இதுல கையெழுத்துப் போட்டாச்சு, கைரேகைதான் உள்ள வைக்கணும். என் போட்டோ நல்லா விழுந்திருக்கா? மேல அரபு, கீழ இங்கிலீஷாம். எத்தனை வருசத்துக்கு நீட்டியிருக்கான்னு பாத்துச் சொல்லு. ஒண்ணா, ரெண்டா?

என்ன திருப்பித் திருப்பிப் பாக்கே? எழுத்து பொடிசா இருக்கா?

கேன்சலா? யாருக்குக் கேன்சல்? சுகந்தியோடது போன வருசமே போச்சே. அது பழைய காகிதமா இருக்கும், மாத்தி வச்சுட்டுப் போயிட்டான். பேரைப் பாரு.

ஆவுடைத்தங்கமா? அது என் பேருல்லா.

இல்ல. நீ தப்பாப் படிக்கே. நல்லாப் படி. ரெண்டாவது தாள்ல பாரு, அதுல இருக்கும். அதுல என்ன? பிளேன் டிக்கெட்டா? ஒத்தை டிக்கெட்டா? கூட்டாளிக்கா இருக்கும். அதுலயும் என் பேரா? எம்மா, ஒரு வயசானவகிட்ட இப்படி விளையாடலாமா? தாலியைக்கூட நேரத்துக்குப் பிரிச்சுக் கோக்கத் தெரியாத பிள்ளை நீ, உனக்கு என்ன படிக்கத் தெரியும்? குடு இப்படி.

அந்தா சங்கரு வாரான். போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டே வாரான் பாரு. சிரிச்சு எத்தனை நாளாச்சு. யாருகிட்டப் பேசுதான்? சுகந்தின்னா சொன்னான்?

ஏலே சங்கரு. இந்தப் பிள்ளை என்னமோ சொல்லுதே. இல்லன்னு சொல்லுடா. என்னைப் பாத்துச் சொல்லு. என்ன, நம்பர் வந்துருச்சா? இப்பம் எமகண்டம்டா. பன்னெண்டுக்கு மேல போவோம். இல்ல, வேற நாள் பாத்து...

கேட்டியாம்மா, என்ன சொல்லுதான்னு? "நீங்க குறிச்ச நாள்தானேக்கா. நல்லதாத்தான் இருக்கும். வாங்க"ங்கான்.

கையை விடுடா, நானே வாரேன். கேன்சல் ஆனா நாட்டை விட்டுப் போக எத்தனை நாள் இருக்கு? முப்பது நாளா? ஜனவரி பதிமூணுக்குள்ளயா? ஏலே, நாளைக் கழிச்சு மார்கழிடா. மார்கழி பூராவும் நான் எவன் வீட்டு வாசல்படியில போய் ஏறுவேன்? என் வீட்டுல ஒத்திக்காரன் இருக்கான். பதிமூணுன்னா போகி. தை பிறக்க ஒரே ஒரு நாள் குறையுது.

எம்மா, நீ படிச்ச பிள்ளைதானே, நீயாவது அந்த ஜன்னல்ல கேட்டுச் சொல்லேன். ஒரு நாள்தானே. ஒரு நாளுக்குக் கூடவா கணக்குப் பாப்பாவ?